பட்டுச்சுன்னு நீ தூக்கின கை

டேய் தம்பி, போன்லயே பேசிடலாம்னுதான் இருந்தேன். ஆனா போன்ல பேசுனா நான் கத்திடுவேன். கத்துனா சொல்ல வந்தது மறந்து போயிடும், அப்புறம் மிச்சத்த உங்கப்பாகிட்ட கத்துவேன், பாவம் அந்த மனுஷன். அதான் பேனாவ எடுத்துட்டேன். கடையில மதியக் கூட்டம் ஓஞ்சிடுச்சு. நாளைக்கு இட்லிக்கு அரிசி ஊறப் போட்டாச்சு. செங்கம் ரோட்டுல வெயில் கொளுத்துற கொளுத்துல ஆசிரமத்துக்கு வந்த வெள்ளக்காரங்க கூட ரூமுக்குள்ள போய் ஃபேனப் போட்டுப் படுத்துட்டாங்க. சாயங்காலம் அடுப்பு பத்த வைக்கிற வரைக்கும் எனக்கு வேற வேல இல்ல. நீயும் அவசரப்படாம படி. நடுவுல எங்கயாவது கோவம் வந்துச்சுன்னா ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு வந்து மறுபடி படி.

கல்யாணத்த ஓசூர்லயே வச்சுக்கலாம், நம்ம ஊருல ரிசப்ஷன் கூட வேணாம், தெருவுல யாருக்கும் பத்திரிகை வைக்காதீங்கன்னு சொன்னியே, அதப் பத்திதான் எழுதறேன். ஏன்டான்னு கேட்டதுக்கு "லீவு கம்மிம்மா"ன்ன. பெத்தவகிட்டயே லீவு கணக்கு சொல்ற நீ! உங்கப்பா வழக்கம் போல "அவன் இஷ்டம், உடு"ன்னாரு. நானும் விட்டிருப்பேன். போன வாரம் நிவேதா என்கிட்ட பேசுனா. நல்ல பொண்ணுடா அவ, நம்ம வீட்டுக்கு வரப்போற மருமகளாச்சேன்னு சும்மா சொல்லல, பேச்சுல ஒரு நிதானம் இருக்குது. புடவ கலரு, பூ, மேளம் எல்லாம் பேசிட்டு கடைசியா கொஞ்சம் தயங்கித் தயங்கி கேட்டா: "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. இவருக்கு உங்க ஊருல ஒரு ஃப்ரெண்டு கூட கிடையாதா? என் பக்கம் ஒரு பஸ் நிறைய வராங்க. உங்க பக்கம் யாருன்னு கேட்டா பேச்ச மாத்திடறாரு." எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. கட்டிக்கப் போறவ கேக்கறா, நான் என்னாத்த சொல்ல? "இருக்காங்கம்மா, இல்லாம என்னா"ன்னு மென்னு முழுங்கினேன்.

உனக்கு ஃப்ரெண்டு இல்லையாம்! பள்ளிக்கூடம் விட்டா நம்ம கடை வாசல்ல ஒரு பட்டாளமே நிக்கும். பக்கத்து சந்துல கிரிக்கெட்டு. அந்த சந்துல ஒரு ஆட்டோ நுழைஞ்சா எதுத்தாப்பல வர ஆளு சுவத்தோட ஒட்டிக்கணும், அதுக்குள்ள ஆடுறதுக்கு நீங்க போட்ட ரூலு கொஞ்சமா நஞ்சமா? மாடிச் சுவத்துல பட்டா ரெண்டு ரன்னு. ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் போனா ரன்னே கிடையாது. மாடு குறுக்க வந்துச்சுன்னா அந்த பாலு செல்லாது. எல்லாத்தையும் விட பெரிய ரூலு, பாலு என் கடைக்குள்ள வந்தா அடிச்சவன் அவுட்டு, அவனேதான் உள்ள வந்து என்கிட்ட திட்டு வாங்கிட்டு எடுத்துட்டுப் போகணும். ஒரு நாளு நேரா சாம்பார் குண்டான்லயே வந்து விழுந்துச்சு. கரண்டியோட வெளிய வந்து பாக்கறேன், நீ உட்பட எல்லாவனும் ஓட்டம் புடிச்சிட்டீங்க. பிரகாஷ் மட்டும் பேட்ட கையில வச்சிக்கினு நிக்கிறான். "நான்தாம்மா அடிச்சேன், நான் அவுட்டு, பால மட்டும் குடுத்துடுங்கம்மா"ன்னான். எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. பால கழுவிக் குடுத்தேன். சாம்பார என்னா பண்ணேன்னு கேக்காத.

அந்த ரூல எல்லாம் உங்களுக்கு எவனும் வந்து சொல்லிக் குடுக்கல. நீங்களா உக்காந்து பேசி வச்சிக்கிட்டது. பௌர்ணமி கிரிவலத்துக்கு ரோட்ட அடைச்சு கயிறு கட்டி போலீஸ் நின்னாலும் நம்ம ஜனம் கயித்துக்கு அடியில புகுந்து போவும். ஆனா அந்த சந்துல மாடு குறுக்க வந்தா சிக்ஸர் அடிச்சவனே "செல்லாதுடா"ன்னு திரும்பி வருவான். ஏன்னு நான் தோச வார்த்துக்கினே யோசிச்சிருக்கேன். அது செல்லும்னு அவன் அடம் புடிச்சா சண்ட வரும், பேட்டுக்காரன் பேட்ட எடுத்துட்டுப் போயிடுவான், ஆட்டமே இருக்காது. ஆட்டம் வேணும்னுதான் ரூலு. இதுக்கு மேல எனக்குப் பெருசா ஒண்ணும் தெரியாது.

ஆனா ஒண்ணு, நான் ஏதோ நேர்மையான குடும்பத்துல பொறந்து வந்தவள்னு நீ நெனச்சிக்காத. உங்கப்பாகூட மழை நாள்ல தாயம் ஆடுவேனே, ஞாபகம் இருக்கா? அவரு டீ குடிக்கத் தலைய தூக்குனாருன்னா என் காய் ஒரு கட்டம் முன்னாடி போயிருக்கும். அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கமாட்டாரு, மீசைக்குள்ள சிரிச்சிக்கினே தோத்துப் போவாரு. நீதான் பக்கத்துல உக்காந்துக்கினு "அம்மா, காய வை திரும்ப"ன்னு என் கையப் புடிப்ப. இவ்ளோண்டு பையன். எனக்கு எரிச்சலா வரும். எங்கேர்ந்துதான் வந்துச்சோ உனக்கு அந்த புத்தி, என்கிட்டேர்ந்து இல்ல, அது மட்டும் நிச்சயம்.

வளந்ததும் நீயும் பிரகாஷும் கபடிக்குப் போனீங்க. அவன் பாடிப் போறவன், கேப்டன். நீ மூலையில நின்னு வரவன் கால வாரிப் புடிக்கிறவன். செம்மண்ணுல புரண்டு வந்த உன் பனியன தொவச்சு தொவச்சு என் கை காச்சுப் போச்சு. அப்ப எல்லாம் நீ சொல்லுவ, கபடியில ஒரு விஷயம் இருக்குதும்மா, பட்டுச்சா படலயான்னு பட்டவனுக்குத்தான் தெரியும், நடுவருக்கு ரெண்டு கண்ணுதான், அந்த கூட்டத்துல எவன் விரலு எவன் மேல பட்டுச்சுன்னு அவரு எங்க பாப்பாரு, அதனால பட்டவனே கையத் தூக்கிட்டு வெளிய வந்துடணும்னு. நம்ம ஊரு ஆட்டத்துல அது பழக்கம். பழக்கம்னு சொல்றதுதான். சும்மா ஆடுறப்போ எல்லாரும் தூக்குவாங்க. கப்புக்கு ஆடுறப்போ எவன் தூக்குறான்?

அந்த ஃபைனல மறந்துட்டேன்னு நீ நெனச்சிக்கினு இருக்க. எனக்கு நேத்து நடந்த மாதிரி இருக்குது. கடைய மூடிட்டு உங்கப்பா ஆட்டோவுலயே ஏரிக்கரை மைதானத்துக்கு வந்தோம். எதிர்ல கீழ்பென்னாத்தூர் டீமு. மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்கறவங்க மேடையில உக்காந்திருக்காங்கன்னு ஊரே பேசுச்சு. ஜெயிக்கற டீமுலேர்ந்துதான் ஜாஸ்தி பேர எடுப்பாங்கன்னு பிரகாஷ் சொல்லிக்கினே இருந்தான். அவனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸ் வேலைக்குப் போகணும்னு உசுரு. ஆட்டம் முடியப் போவுது, ரெண்டு பக்கமும் பாயிண்ட் சமம். கடைசியா அவங்க பையன் ஒருத்தன் பாடி வந்தான், நெட்டையா, காலு மட்டும் தனியா வளந்த மாதிரி. நீ எட்டிப் புடிக்கப் போன, அவன் சுதாரிச்சுத் திரும்பிட்டான். திரும்பறப்போ கைய வீசுனான். கோட்டத் தாண்டிட்டான். நடுவர் பாயிண்ட் இல்லன்னு கையக் காட்டிட்டாரு. நம்ம ஜனம் எல்லாம் எழுந்து குதிக்குது, இன்னும் கொஞ்ச நேரம் ஆட்டம் குடுப்பாங்க, ஜெயிச்சிடலாம்னு.

நீ கையத் தூக்கிட்டு வெளிய நடக்கற.

நடுவருக்கே புரியல. "என்னாப்பா?"ன்னாரு. நீ பனியன் ஓரத்தப் புடிச்சு இழுத்துக் காட்டி "இங்க பட்டுச்சு சார்"ன்ன. "நல்லா யோசிச்சு சொல்லுப்பா"ன்னாரு அந்த மனுஷனே. "பட்டுச்சு சார்." தோல்ல பட்டாலும் பட்டதுதான், துணியில பட்டாலும் பட்டதுதான், அதான் ரூலு. அவங்களுக்கு ஒரு பாயிண்ட், கப்பும் போச்சு. நான் கூட்டத்துக்குள்ளேர்ந்து "டேய் எருமை, உள்ள போடா!"ன்னு கத்துனேன், மைதானமே திரும்பிப் பாத்துச்சு. அதுக்கு நான் சாரி எல்லாம் கேக்கமாட்டேன். ஆட்டம் பாக்க வந்தவ கத்தாம கை கட்டிக்கினா உக்காருவா? உங்கப்பா மட்டும்தான் உன்கிட்ட வந்து "நெஜமா பட்டுச்சாடா?"ன்னாரு. "பட்டுச்சுப்பா"ன்ன. "அப்ப சரி, சாப்பிட வா"ன்னு தோள்ல கைய போட்டுக் கூட்டிக்கினு வந்தாரு.

அதுக்கப்புறம்தான் எல்லாம் கெட்டுச்சு. பிரகாஷ் உன்கிட்ட கூட வரல. தலைய குனிஞ்சிக்கினு வண்டிய எடுத்துட்டுப் போனவன் போனவன்தான். மத்தவனுங்க உனக்கு பனியன்னு பேரு வச்சானுங்க. டீக்கடைக்குப் போனா "டேய் பனியன் வரான், தள்ளி நில்லுங்கடா, பட்டுடப் போவுது." நீயும் சிரிச்ச மாதிரி இருந்த. வீட்டுக்கு வந்து சாப்பிடாம படுத்த. பிரகாஷுக்கு மாவட்ட டீமும் கிடைக்கல, போலீஸ் வேலையும் கிடைக்கல, எல்லாம் உன்னாலதான்னு அவன் உன் மேல கறுவிக்கினு இருக்கறதா நீயே முடிவு பண்ணிட்ட. ஓசூர்ல கம்பெனி வேலை வந்ததும் பையத் தூக்கிட்ட. கார்த்திகை தீபத்துக்கு வந்தா கூட மொட்டமாடியில நின்னு மலையப் பாத்துட்டு மறுநாளே பஸ் ஏறிடற. நானும் உங்கப்பாவும் பேசாம இருந்தோமே தவிர, எங்களுக்குப் புரியாம இல்ல.

இப்ப நான் ஒரு காரியம் பண்ணியிருக்கேன். நீ வேணாம்னு சொன்ன பத்திரிகைய பிரகாஷுக்கு வச்சிட்டேன். ஆமா, வச்சிட்டேன், போ. அவன் இப்ப குட்டி லாரி ஒண்ணு வச்சிருக்கான். நம்ம ரோட்டுல இருக்கற லாட்ஜு, ரூமு எல்லாத்துக்கும் தண்ணி கேன் போடறான். தினம் என் கடையத் தாண்டித்தான் போவான், ஆனா இந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்பமாட்டான். திங்கக்கிழம காலையில நான் பத்திரிகைய எடுத்துக்கினு நேரா போய் அவன் வண்டிக்கு முன்னாடி நின்னுட்டேன். பிரேக்க போட்டு எட்டிப் பாத்து "என்னாம்மா, உசுரு மேல ஆச இல்லையா?"ன்னான். "எறங்குடா, உன் ஃப்ரெண்டுக்குக் கல்யாணம்"னேன்.

எறங்கி வந்தான். ஈரக் கைய லுங்கியில தொடச்சிக்கினு ரெண்டு கையாலயும் வாங்குனான். உன் பேர, நிவேதா பேர எழுத்துக் கூட்டற மாதிரி படிச்சான். அப்புறம் நிமிராமலே கேட்டான், "அவன் குடுக்கச் சொன்னானாம்மா?" ஆமாடான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. தாயத்துல காய நகத்தறவளுக்கு ஒரு பொய்யா கஷ்டம்? சொல்லியிருந்தா சந்தோஷமா வாங்கிட்டுப் போயிருப்பான். ஆனா அவன் அந்தப் பத்திரிகையப் புடிச்சிருந்த மாதிரியப் பாத்ததும் எனக்கு மனசு வரல. "இல்லடா. அவன் யாருக்கும் வைக்காதன்னு சொல்லிட்டான். நானாதான் குடுக்கறேன்"னேன்.

வண்டிக்குப் பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிக்கிறான், அது கூட காதுல விழல அவனுக்கு. "அப்ப நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லிடறேம்மா"ன்னான்.

"அன்னிக்கு எனக்கும் பட்டுச்சும்மா. அவனுக்குப் படறதுக்கு ரொம்ப முன்னாடியே. அதே நெட்டையன்தான், என் முட்டியில நல்லா பட்டுச்சு. துணி கூட இல்ல, தோலு. நடுவர் அந்தப் பக்கம் பாத்துக்கினு இருந்தாரு. மேடையில ஆள் எடுக்கறவங்க உக்காந்திருக்காங்க, இப்ப வெளிய போனா அவங்க கண்ணுலயே படாம போயிடுவோமேன்னு ஒரு நிமிஷம் நின்னுட்டேன். அந்த நிமிஷம் போச்சுன்னா போச்சும்மா, அப்புறம் தூக்க முடியாது. அந்த பாயிண்ட நான் குடுத்திருந்தா ஆட்டம் சமமாவே ஆகியிருக்காது, அவங்கதான் முன்னாடி இருந்திருப்பாங்க. அவன் கையத் தூக்கி நாங்க தோக்கல. நான் தூக்காம இருந்தும் தோத்துட்டோம், அவ்ளோதான்."

"அத ஏன்டா அவன்கிட்ட சொல்லல?"ன்னேன். "எப்டிம்மா சொல்றது? வெளிய போறப்போ அவன் திரும்பி என்னப் பாத்தான். நீ ஏன்டா தூக்கலன்னு கேக்கற மாதிரி இருந்துச்சு. அவனுக்கு எல்லாம் தெரியும், என்ன அசிங்கப்படுத்தத்தான் அவன் தூக்குனான்னு நெனச்சிட்டேன். பசங்க அவன பனியன் பனியன்னு ஓட்டுனப்போ கூட, நான் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல. அதான்மா ஜாஸ்தி வலிக்குது. அவன் மூஞ்சியில எப்டி முழிக்கறது?"

பத்திரிகையப் பிடுங்கிட்டு வந்துடலாமான்னு இருந்துச்சு எனக்கு. இத்தன வருஷம் என் புள்ள நல்ல நாளும் அதுவுமா சொந்த ஊருல தல காட்டாம கெடந்தானே, இவன் பாட்டுக்கு தண்ணி கேன் போட்டுக்கினு இருந்தானேன்னு வயிறு எரிஞ்சுது. நல்லா திட்டுனேன். எல்லாத்தையும் கேட்டுக்கினு நின்னான். அப்புறம் பாத்தா கண்ணு நிறைய தண்ணி. அவ்ளோ பெரிய ஆம்பள நடு ரோட்டுல நின்னு அழுதா நான் என்னா பண்றது? கடைக்குள்ள இழுத்துட்டு வந்து உக்கார வச்சு ரெண்டு தோசைய போட்டேன். நீ அவனத் திரும்பிப் பாத்தன்னு சொல்றானே, அவனுக்குப் பட்டது நெஜமா உனக்குத் தெரியுமாடா? தெரிஞ்சிருக்காதுன்னுதான் நான் சொன்னேன். தெரிஞ்சிருந்தா நீ என்கிட்டயாவது சொல்லியிருப்ப.

இத உனக்கு எழுதட்டுமான்னு அவன்கிட்டயே கேட்டேன். எழுதுங்கம்மான்னான். அதனால இது கோள் மூட்டற வேல இல்ல.

இப்ப எனக்கு உன்கிட்ட சொல்ல ரெண்டு விஷயம் இருக்குது. மொத விஷயம், இத நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும், கத்துன வாய்க்கு அது வரல. நீ கையத் தூக்கிட்டு நடந்தப்போ எனக்குப் பெருமையா இருந்துச்சுடா கண்ணு. கோவமும் இருந்துச்சு, பெருமையும் இருந்துச்சு. பக்கத்துல இருந்த பொம்பள "உங்க புள்ளயா?"ன்னு கேட்டா. "ஆமா, என் புள்ளதான்"னு சொன்னேன்.

ரெண்டாவது உனக்குப் புடிக்காது. அன்னிக்கு கையத் தூக்குன, சரி. ஆனா தூக்குன கைய நீ இன்னும் எறக்கவே இல்லடா. ஊருல நான் ஒருத்தன்தான் நேர்மையா நின்னேன், மத்தவன் எல்லாம் என்ன ஒதுக்கிட்டான்னு அந்தக் கையத் தூக்கிப் புடிச்சிக்கினே ஓசூருக்குப் போயிட்ட. பிரகாஷ் வந்து பேசலன்னு சொல்றியே, நீ போனியா? ஒரு தடவ அவன் வீட்டுக் கதவத் தட்டி என்னாடா ஆச்சுன்னு கேட்டியா? தப்பு பண்ணவன் வர முடியாம நிக்கறது எனக்குப் புரியுது. ஒரு தப்பும் பண்ணாத உனக்கு போறதுக்கு என்னா கஷ்டம்? விளையாட்டுல பட்டுச்சுன்னு வெளிய வந்தவன் அங்கயே உக்காந்துடறது இல்ல. நம்ம பக்கம் ஒரு பாயிண்ட் வந்ததும் மறுபடி உள்ள வந்து ஆடறான். அதுவும் ரூலுதானே?

நிவேதாவுக்காகவும்தான் சொல்றேன். குடும்பத்துல நடுவர் கிடையாது. நானும் உங்கப்பாவும் எத்தனையோ தடவ மோதியிருக்கோம், எவனும் விசில் அடிக்கல. நீ ஒரு வார்த்த சொல்லுவ, அவளுக்கு அது எங்க பட்டுச்சுன்னு உனக்குத் தெரியாது. அவ ஒண்ணு சொல்லுவா, உனக்குப் பட்டுடும், படாத மாதிரி நின்னுக்கினு உள்ளுக்குள்ளயே வச்சிருப்ப, உன்ன எனக்குத் தெரியாதா? பட்டுச்சுன்னா பட்டுச்சுன்னு சொல்லிடு. சொன்னதுக்கப்புறம் அத சொல்லிக் காட்டாத. என்னா பேசியும் தீரலன்னா சும்மா தாயக்கட்டய எடுத்து வச்சு அவளோட ஆடு. உங்கப்பா மாதிரி தோத்துப் போ.

நம்ம ஊருல ரிசப்ஷன் வைக்கறியோ இல்லையோ, அத நான் வற்புறுத்தல. ஆனா பிரகாஷ் போறப்போ வாசல்ல நின்னு ஒண்ணு சொல்லிட்டுப் போனான், "அவன் கூப்பிட்டா வரேம்மா. நீங்க கூப்பிட்டு வந்தா அது சரியா இருக்காது." அதுல ஒரு நியாயம் இருக்குதுன்னு எனக்குத் தோணுச்சு. அதனால நீ கூப்பிடு. இன்னிக்கே கூப்பிடு. உன்ன மன்னிச்சிட்டேன்னு எல்லாம் பெரிய மனுஷனாட்டம் பேசாத, அத மட்டும் அவனால தாங்க முடியாது. அந்த ஃபைனல் பேச்சே எடுக்காத. கல்யாணத்துக்கு வாடான்னு சொல்லு, போதும். அவன் நம்பர் மாத்தல. உன் பேரு வரதப் பாத்ததும் எடுத்துடுவான், ஆனா எடுத்ததும் அவனுக்குப் பேச்சு வராது. மூச்சு வுடற சத்தம் மட்டும்தான் கேக்கும். நீ வச்சிடாத.